ஹால்பர்னைத் தேடிப்போய் கிடைச்ச லைப்ரரி

இத்திஷ் (கிழக்கு ஐரோப்பா யூதர்களோட மொழி) கவிஞர் மோய்ஷெ லெய்ப் ஹால்பர்ன் கவிதை வேணும்னு ஒரு ஆன்லைன் கடைல பழைய புக் வாங்கினேன், பிரிச்சதும் பாதி பக்கம் கையோட வந்துடுச்சு, செம கடுப்பு. அப்புறம்தான் அமெரிக்கால ஆம்ஹர்ஸ்ட்ல இருக்குற இத்திஷ் புக் சென்டரோட டிஜிட்டல் லைப்ரரி கண்ணுல பட்டுச்சு. 10,000க்கு மேல ஸ்கேன் பண்ணின புக்ஸ், டவுன்லோடு ஃப்ரீ.

ஹால்பர்ன் 1886ல கலீசியா பக்கம் ஸ்லோச்சோவ்ல (இப்போ உக்ரைன்ல இருக்கு) பிறந்தவர், 12 வயசுல போர்டு எழுதுற தொழில் கத்துக்க வியன்னாவுக்கு அனுப்பிட்டாங்க, முதல்ல ஜெர்மன்லதான் எழுதினாராம், 1908ல நியூயார்க் வந்துட்டார். 1919ல வந்த "நியூயார்க்கில்" தொகுப்புல "மெமெண்டோ மோரி"னு ஒரு கவிதை, அலைமேல சாவைப் பார்த்தேன், அதுவும் காலைல பத்து மணி வாக்குல, இப்படி சொன்னா மோய்ஷெ லெய்பை யாராவது நம்புவாங்களான்னு தன் பேரையே போட்டு கேக்குறார் பாருங்க, அந்த "பத்து மணி"லதான் நான் விழுந்தேன். 46 வயசுலயே போயிட்டார் மனுஷன்.

இத்திஷுக்கு எழுத்து ஹீப்ரு, வலமிருந்து இடம், எனக்கு ஒரு வரி எழுத்துக்கூட்டவே ரெண்டு நிமிஷம் ஆகுது, பக்கத்துல ஒரு மொழிபெயர்ப்பு வெச்சுக்கிட்டா தேவலை. லைப்ரரிக்கு அஞ்சுக்கு அஞ்சு.