தொடையில் துடித்த கட்டி: அழுத்துவதா, ஊசியா?

ஈப்போவில் அப்பாவுக்குத் தொடை வழியாக ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கை வைத்தால் நாடி மாதிரித் துடித்தது.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. குழாய் நுழைத்த ஓட்டை மூடவில்லை. தமனியிலிருந்து கசிந்த ரத்தம் பக்கத்துத் தசைக்குள் பையாகத் தேங்கிச் சுழல்கிறது. சூடோ அனியூரிசம் என்றார்கள். 2 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே உறைந்துவிடுமாம். அப்பாவுடையது 3-ஐத் தாண்டிவிட்டது.

கட்டி வேகமாகப் பெருத்தாலோ, தோல் கறுத்தாலோ, கிருமி தொற்றினாலோ அறுவைதான். அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றபடி இரண்டு வழி: ஸ்கேன் பார்த்தபடி கருவியாலேயே அழுத்திப் பிடிப்பது, அல்லது பைக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசி.

அழுத்தம் 1991-லேயே வந்த முறை, மருந்துச் செலவில்லை. ஆனால் பத்து, இருபது நிமிடமாகப் பல சுற்று அழுத்த வேண்டும், வலி உயிர் போகும். பக்கத்து லயத்து அண்ணனுக்கு இரண்டே சுற்றில் மூடியது. ஆனால் அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடவில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அந்த வார்ஃபரின்தான். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் அப்பா அதைச் சாப்பிடுகிறார், இப்போது ஸ்டென்ட் அடைபடாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சேர்ந்தது. ஸ்டென்ட் வைத்த கையோடு மருந்தை நிறுத்த முடியாது. ரத்தம் உறையாத உடம்பில் எவ்வளவு அழுத்தினாலும் தோற்கும் வாய்ப்பு கூடுதல். த்ராம்பின் அப்படியில்லை, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதுவே நேரடியாக ஃபைப்ரின் என்ற உறைகட்டி இழையாக ஆக்கிவிடுகிறது, வார்ஃபரின் குறுக்கே நிற்பதில்லை. திரையில் சுழன்ற நிறம் சில விநாடிகளில் அணைந்ததை நானே பார்த்தேன்.

ஆபத்தும் உண்டு. மருந்து தமனிக்குள் நழுவினால் காலுக்குப் போகும் ரத்தமே அடைபடலாம். அதனால்தான் ஊசி முனையைப் பையின் வாயிலிருந்து தள்ளி வைக்கிறார்கள், முன்னும் பின்னும் பாத நாடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வாய் அகலமான பைக்கு இது சரிப்படாது என்றார் டாக்டர். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த த்ராம்பினும் உண்டு, ஒவ்வாமை வரலாம். அம்மா கவலைப்பட்டது ஒவ்வாமைக்காக அல்ல! மனித ரத்தத்திலிருந்து எடுத்ததுதான் என்று டாக்டர் சொன்ன பிறகே தலையாட்டினார்.

நான் பார்த்தது இரண்டே பேரை, அதை வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. மறுநாள் ஸ்கேனில் கசிவு இல்லை. கட்டி கரைய வாரக்கணக்கானது. அதுவரை மோட்டார் சைக்கிள் சாவி என்னிடம்தான்.