கென்ட் ஸ்டேட் மே 4 விசிட்டர்ஸ் சென்டர்: உள்ளே கொஞ்ச நேரம், வெளியே நிறைய நேரம் ஒதுக்குங்கள்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. அந்த நாலில் மூன்று, கட்டடத்துக்கு வெளியே இருக்கும் மேட்டுக்கும் புல்வெளிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும். உள்ளே இருக்கும் கண்காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வாருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒஹாயோவில் ஆக்ரனுக்குப் பக்கத்தில் இருக்கிறது கென்ட். கிளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் டேலர் ஹால் என்ற கட்டடத்தில் இந்த மையம். அனுமதி இலவசம். கல்லூரி தேடும் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கேம்பஸாக அலையும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம் இல்லையா, நானும் அப்படித்தான் மகளோடு இங்கே வந்தேன். அவளுக்கு இந்தக் கல்லூரியில் சேரும் எண்ணம் எல்லாம் இல்லை, வரலாற்றுப் பாடத்தில் அரைப் பக்கம் படித்திருந்தாள், அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1970 ஏப்ரல் 30 இரவு அன்றைய குடியரசுத் தலைவர் நிக்சன் தொலைக்காட்சியில் வந்து, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைகின்றன என்று அறிவித்தார். வியட்நாம் போரைச் சுருக்குவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பக்கத்து நாட்டுக்குள்ளும் போனதால் கல்லூரிகள் கொதித்தன. கென்ட்டில் மறுநாள் மாணவர்கள் அரசியல் சட்டப் பிரதி ஒன்றைப் புல்வெளியில் புதைத்தார்கள், அன்றிரவு ஊருக்குள் கடைக் கண்ணாடிகள் உடைந்தன, மே 2 இரவு வளாகத்தில் இருந்த ராணுவப் பயிற்சிப் பிரிவுக் கட்டடம் எரிந்தது, நேஷனல் கார்டு என்ற மாநிலப் பகுதிநேரப் படை வந்து இறங்கியது. மே 4 திங்கட்கிழமை மதியம் 12.24க்கு, அதில் 28 பேர் 13 விநாடிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

உள்ளே மூன்று பகுதிகள். முதல் பகுதி அறுபதுகளின் அமெரிக்கா: சிவில் உரிமைப் போராட்டம், வியட்நாம், டிராஃப்ட் என்ற கட்டாய ராணுவச் சேர்ப்பு, இசை, தலைமுடி, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை. இதில் பாதி எல்லா அமெரிக்க மியூசியங்களிலும் இருப்பதுதான், வேகமாகக் கடந்துவிடலாம். டிராஃப்ட் விஷயத்தில் மட்டும் நில்லுங்கள். 1969 டிசம்பர் 1 அன்று, வருடத்தின் 366 தேதிகளையும் நீல நிறக் குப்பிகளில் போட்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த பையன்தான் போருக்குப் போகும் வரிசையில் முதல் ஆள். பதினெட்டு வயதில் போருக்கு அனுப்பலாம், ஆனால் அன்றைக்கு நாட்டின் பெரும்பகுதியில் ஓட்டுப் போட 21 ஆக வேண்டும். அதைப் பதினெட்டாகக் குறைத்த அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் 1971இல்தான் வந்தது. "அப்பா, அப்ப யார் கிட்டதான் போய்க் கேட்பாங்க?" என்றாள் மகள். அந்தத் தலைமுறையின் கோபத்தைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளை விட அந்தக் கேள்வி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். கல்லூரியில் படித்தால் டிராஃப்டைத் தள்ளிப்போடலாம். நேஷனல் கார்டில் சேர்ந்தாலும் பெரும்பாலும் வியட்நாம் போக வேண்டாம், அதற்காகவே அதில் சேர்ந்த இளைஞர்கள் ஏராளம். ஆக, அன்றைக்கு அந்த மேட்டில் துப்பாக்கி பிடித்திருந்தவர்களில் பலரும், கீழே கத்திக்கொண்டிருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டு கூட்டமும் ஒரே போரிலிருந்து வெவ்வேறு வாசல் வழியாகத் தப்பித்திருந்தவர்கள். கென்ட்டுக்கு வருவதற்கு முன் அந்தப் படையினர் ஆக்ரன் பக்கம் லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்குக் காவல் நின்றுவிட்டு, சரியான தூக்கம்கூட இல்லாமல் வந்தவர்கள். சுட்டதை இது நியாயப்படுத்தாது. ஆனால் நல்லவன் கெட்டவன் படமாக மட்டும் இதைப் பார்க்க வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

நடுப் பகுதியில் ஒரு குறும்படம் ஓடுகிறது, அந்த நாட்களின் புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைத்து. குண்டுச் சத்தம் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் ஒருவர் வெளியே இருந்துகொண்டு மாறி மாறிப் பாருங்கள். கடைசிப் பகுதி அதற்குப் பிறகு நாடு எப்படி எதிர்வினை செய்தது என்பது. என் கணக்கில் உள்ளே இருப்பதில் இதுதான் கனமான பகுதி, ஏனென்றால் நாடு மாணவர்கள் பக்கம் நிற்கவில்லை. அந்த மாதமே எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் பழியை மாணவர்கள் மேல் போட்டார்கள், நேஷனல் கார்டு மேல் போட்டவர்கள் 11 சதவீதம்தான். நான்கே நாள் கழித்து நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி, போரை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்களை அடித்தார்கள். கென்ட் மாணவர்களிலேயே சிலர், வீட்டுக்குப் போனபோது உன்னையும் சுட்டிருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் வாயாலேயே கேட்டதாகப் பிற்பாடு சொன்ன பதிவுகள் உண்டு. வளாகங்களில் வன்முறை செய்கிறவர்களைப் பொறுக்கிகள் என்று நிக்சன் சொன்னது துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று நாள் முன்புதான். இறந்த அலிசன் க்ராஸின் அப்பா கேமரா முன்னால் நின்று, "என் பிள்ளை பொறுக்கி இல்லை" என்றார்.

சரி, இப்போது வெளியே வாருங்கள்.

வளாகத்தில் ஏழு விளக்கப் பலகைகள் இருக்கின்றன, கூடவே ஒலி வழிகாட்டி. குரல் ஜூலியன் பாண்டுடையது. சிவில் உரிமைப் போராளி, வியட்நாம் போரை எதிர்த்தார் என்பதற்காகவே ஜார்ஜியா சட்டமன்றம் 1966இல் அவரை உள்ளே விட மறுத்தது, உச்ச நீதிமன்றம் போய்தான் தன் இடத்தை வாங்கினார். இந்தக் கதையைச் சொல்ல அவரை விடப் பொருத்தமான குரல் கிடைத்திருக்காது. அவசரமில்லாத, அழாத குரல்.

பலகைகளின் வரிசையிலேயே நடங்கள். மாணவர்கள் கூடிய புல்வெளி, அங்கிருக்கும் மணி, கண்ணீர்ப் புகை வீசிக்கொண்டு படை ஏறிய மேடு, இறங்கிப் போய்ச் சிறிது நேரம் நின்ற பயிற்சி மைதானம், திரும்பி மேலே வந்து சட்டென்று திரும்பிச் சுட்ட இடம். டேலர் ஹாலை ஒட்டி ஓர் எஃகுச் சிற்பம் நிற்கிறது, அதன் தகட்டில் ஒரு குண்டு துளைத்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மகள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

மேலே, சுட்டவர்கள் நின்ற இடத்தில் நின்று கார் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். இந்தப் பயணமே இதற்காகத்தான். புத்தகத்தில் படிக்கும்போது, கூட்டம் நெருக்கியது, உயிருக்குப் பயந்து சுட்டோம் என்ற வாதம் மனதுக்குள் ஒரு படம் போட்டுக் காட்டும், முகத்துக்கு முகம் நிற்கும் கூட்டம் போல. நேரில் வந்தால் அந்தப் படம் நிற்காது. காயமடைந்தவர்களில் மிக அருகில் இருந்தவரே சுமார் 70 அடியில். இறந்தவர்களில் அருகில் இருந்த ஜெஃப்ரி மில்லர் சுமார் 270 அடி தள்ளி. சாண்ட்ரா ஷோயரும் வில்லியம் ஷ்ரோடரும் 400 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அது ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் முழு நீளத்தை விட அதிகம். ஷோயர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஷ்ரோடர் அந்த ராணுவப் பயிற்சிப் பிரிவிலேயே படித்தவர். காயமடைந்தவர்களில் ஒருவர் 700 அடிக்கும் அப்பால் இருந்தார், மேலிருந்து பார்த்தால் அந்தத் தூரத்தில் ஒருவர் கையில் கல் இருக்கிறதா புத்தகம் இருக்கிறதா என்றே தெரியாது. குடியரசுத் தலைவர் நியமித்த ஸ்க்ரான்டன் ஆணையமே இந்தத் துப்பாக்கிச் சூட்டைத் தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதியது. அந்த மூன்று சொற்களை விட அந்த மேட்டில் பத்து நிமிடம் நிற்பது எனக்கு நன்றாகப் புரிய வைத்தது.

நால்வரும் விழுந்த இடங்களில், கார்கள் நிற்கும் கட்டங்களுக்கு நடுவே, அடையாளக் கற்கள் போட்டுக் கார் ஏற முடியாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். இதற்கே 1999 வரை ஆனது, காயமடைந்த ஒன்பது பேருக்கு அடையாளம் வைத்தது 2021இல்தான். சுற்றிலும் மாணவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள். சிலர் இதை மரியாதைக் குறைவு என்று நினைக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

பயிற்சி மைதானத்தை இன்று முழுதாகப் பார்க்க முடியாது, ஒரு பகுதி மேல் ஜிம் இருக்கிறது. 1977இல் அந்தக் கட்டடத்தை எதிர்த்து மாணவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள், கிட்டத்தட்ட 200 பேர் கைதானார்கள், ஆனாலும் கட்டிவிட்டார்கள். நீதிமன்றத்திலும் இதே கதைதான். எட்டு நேஷனல் கார்டு படையினர் மேல் போட்ட குற்ற வழக்கை 1974இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். 1979இல் சிவில் வழக்கில் ஒஹாயோ அரசு 6,75,000 டாலர் கொடுத்து முடித்தது, படையினர் தரப்பில் கையெழுத்திட்ட ஒரு வருத்தக் குறிப்போடு. நடக்க முடியாமல் போன டீன் கேலருக்கு அதில் 3,50,000. இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 15,000 டாலர்.

அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துவைத்தேன் என்றால், கம்போடியா. மொத்தக் கலவரமும் எந்த நாட்டின் பெயரால் தொடங்கியதோ அந்த நாட்டைப் பற்றி எனக்கு இங்கே கிடைத்தது பத்தவில்லை. 1969 மார்ச்சிலிருந்தே அமெரிக்க பி-52 விமானங்கள் அங்கே ரகசியமாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தன, தரைப்படை போனது அதற்குப் பிறகு, 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை தலைநகரைப் பிடித்தது, அடுத்த நாலு வருடத்தில் செத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் வெகு மேலே. நினைவிடத்தைச் சுற்றியுள்ள சரிவில் 58,175 டாஃபடில் செடிகள் நட்டார்கள், வியட்நாமில் இறந்த அமெரிக்கர்களின் எண்ணிக்கை அது. வசந்தத்தில் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்கும் இதே கணக்கில் நட்டால் கென்ட் ஊரே போதாது என்ற நினைப்பை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை.

ஜாக்சன் ஸ்டேட்டையும் சொல்ல வேண்டும். கென்ட்டுக்குப் பதினொரு நாள் கழித்து மிசிசிப்பியில், கறுப்பின மாணவர்கள் படித்த அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதி மேல் போலீஸ் நூற்றுக்கணக்கான குண்டுகளைப் பொழிந்தது, பிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன் என்ற இருவர் இறந்தார்கள். கென்ட்டில் நடக்கும் நினைவேந்தலில் அவர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாடுதான் மறந்துவிட்டது.

இன்றைக்கு இதைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2024 வசந்தத்தில் காஸாவுக்காகக் கூடாரம் அடித்த மாணவர்கள் மேல் எத்தனை கல்லூரிகள் போலீஸைக் கூப்பிட்டன, 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் நேஷனல் கார்டு நின்றது, அதே மாதம் ஈரான் மேல் குண்டு போட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதி கேட்கவில்லை. குடியரசுத் தலைவர் இஷ்டத்துக்குப் போர் தொடங்கக்கூடாது என்று 1973இல் கொண்டுவந்த சட்டமே வியட்நாமும் கம்போடியாவும் கொடுத்த சூட்டினால் வந்ததுதான். அந்த வரிசைக்கு இந்த இடம் நல்ல வழிகாட்டி. ஆனால் இன்றைய வன்முறையின் இன்னொரு முகத்துக்கு இங்கே பதில் தேடாதீர்கள். 2024இல் பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்பை நோக்கிச் சுட்டதும், 2025 செப்டம்பரில் யூட்டாவில் ஒரு கல்லூரி வளாகத்தில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் கொல்லப்பட்டதும் கூரை மேலிருந்து வந்த குண்டுகள், அங்கே ஆணை இல்லை, சீருடை இல்லை. 1970இல் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வரும் வழியில் மகள் பேசிக்கொண்டு வந்தது முழுக்க இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான், துப்பாக்கிச் சூடு நடந்தால் ஒளிந்துகொள்ள அவள் பள்ளியில் பழக்கும் பயிற்சியைப் பற்றித்தான். அவள் வயதுக்காரர்களின் பயத்துக்கு இந்த மையத்தில் இடம் இல்லை, அதை ஒரு குறையாகச் சொல்ல முடியுமா என்றும் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: மையம் திறந்திருக்கும் நேரம் கல்லூரிப் பருவத்துக்கு ஏற்ப மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், மூடியிருந்தாலும் வெளியே நடக்கத் தடை இல்லை. பார்க்கிங் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். மேடு ஏறி இறங்க வேண்டும், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் வேறு பாதை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படம், பிறகு நடை, அப்புறம் திரும்ப உள்ளே வந்து கடைசிப் பகுதி, இந்த வரிசையில் பார்த்தால் நல்லது. முடிந்தால் மே 3 இரவு வாருங்கள், பதினொரு மணிக்கு மெழுகுவர்த்தி ஏந்தி வளாகத்தைச் சுற்றி மௌனமாக நடக்கும் வழக்கம் 1971இலிருந்து இருக்கிறது. வடகிழக்கு ஒஹாயோவில் மே மாத இரவும் குளிரும், தடித்த ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.