டிரையம்ப் டிஆர்6 பின்பக்க டேம்பர் கிட்: பிராக்கெட்டுக்கு போல்ட்டா வெல்டிங்கா?

டிஆர்6ங்கிற பழைய டிரையம்ப் காருல, பின்பக்க லீவர் ஆர்ம் டேம்பர (ஷாக் அப்சார்பர) கழட்டிட்டு குழாய் மாதிரி நீளமான டெலஸ்கோபிக் டேம்பர் மாட்டுற கிட் இது. கிட் நல்லாருக்கு, தாராளமா வாங்கலாம், ஆனா அதோட பிராக்கெட்ட சேசிஸோட வெல்டு வச்சிடாதீங்க. இங்க இங்கிலாந்துல டிஆர்6 வச்சிருக்கிற சிலர் வெல்டு வச்சாதான் ஸ்ட்ராங்குனு நெனைக்கிறாங்க, அதான் மொதல்லயே சொல்லிடுறேன்.

என்னோடது 1972 இன்ஜெக்‌ஷன் மாடல், 2498 சிசி, ஆறு சிலிண்டர். பின்னாடி காயில் ஸ்பிரிங், சக்கரத்த தாங்குற அலுமினிய டிரெய்லிங் ஆர்ம் எல்லாம் அந்தக் காலத்துக்கு நல்ல அமைப்புதான், டேம்பர் மட்டும் பழைய லீவர் ஆர்ம் டைப்பு, அதாவது ஆயில் நிரப்புன டப்பால இருந்து ஒரு நெம்புகோல் நீட்டிட்டு இருக்கும், ஆயில் கசிய ஆரம்பிச்சிடுச்சுனா ஒரு மேட்டுல ஏறி இறங்குனதும் பின்பக்கம் ஆடி அடங்கவே நேரமாகும். டெலஸ்கோபிக் போட்டதும் அந்த ஆட்டம் சுத்தமா போச்சு, வளைவுல வண்டி எவ்ளோ நிதானமா நிக்குது தெரியுமா!

இந்தக் கிட்டோட பிராக்கெட், லீவர் ஆர்ம் கழட்டுன அதே ஓட்டைல உக்காந்துடும், புதுசா டிரில் போட வேண்டாம். சில கிட்ல டேம்பரோட மேல்பக்கத்த வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல வளைஞ்சிருக்கிற பாடி) தகட்டுல மாட்டச் சொல்லுவாங்க, அது எனக்குப் பிடிக்கல, பாடித் தகடு அந்த இடிய தாங்குறதுக்கு செஞ்சதில்ல.

இப்ப வெல்டிங் விஷயம். போல்ட்டுங்கிறது ரெண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கிற பிடில வேலை செய்யுது, பிடி சரியா இருந்தா பிராக்கெட் நகராது, போல்ட்டும் தேயாது. கனமான பிராக்கெட்ட மெல்லிசான பழைய சேசிஸ் தகட்டோட பத்த வச்சீங்கன்னா வெல்டு நிக்கும், ஆனா வெல்டோட ஓரத்துல இருக்கிற தகடு ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளைஞ்சு வளைஞ்சு விரிசல் விடும். நாளைக்கு பிராக்கெட் கோணலா இருக்குன்னாலும் வெட்டித்தான் எடுக்கணும். டேம்பரோட கீழ்ப்பக்கம் பேச்சுக்கே இடமில்ல, டிரெய்லிங் ஆர்ம் அலுமினிய வார்ப்பு, அதுல இரும்ப வெல்டு வைக்க முடியாது.

வெல்டிங் வேண்டியது சேசிஸுக்குத்தான். லீவர் ஆர்ம கழட்டுனதும் போல்ட்டு ஓட்டைய சுத்தி பெயிண்ட்டையும் துருவையும் நல்லா சொரண்டிப் பாருங்க. என் வண்டில மயிரிழை மாதிரி விரிசல் இருந்துச்சு, பட்டறைல குடுத்து விரிசல வெல்டு வச்சு மூடி, மேல ஒரு தகடு சேர்த்து பலப்படுத்தின பிறகுதான் பிராக்கெட்ட போல்ட்டு போட்டேன். டிஆர்6ல பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடியே இருக்கு, அத எறக்காம பின்பக்கம் வெல்டிங் பண்ண யாரையும் விடாதீங்க, பேட்டரி கனெக்‌ஷனையும் கழட்டிடுங்க. இங்க 40 வருஷம் தாண்டி, பெருசா மாத்தாம இருக்கிற வண்டிக்கு எம்ஓடி (வருஷாந்திர வண்டி சோதனை) கட்டாயம் இல்ல, அதனால அடில என்ன நடக்குதுனு நாமளா பாத்தாதான் உண்டு.

குறைனா, கூட வந்த வாஷர் ரொம்ப மெல்லிசு, இறுக்கும்போதே குழியுது, கடினமான தடி வாஷரா வாங்கி மாத்துனேன். போல்ட்ட எவ்ளோ டார்க் (இறுக்குற முறுக்கு விசை) வச்சு இறுக்கணும்னு பேப்பர்ல ஒரு வார்த்தை இல்ல, இந்த மாதிரி பாகத்துக்கு அத எழுதாம விக்கிறது தப்பு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு ரெஞ்ச் வச்சு திரும்ப செக் பண்ணுங்க. டேம்பர்ல அட்ஜஸ்ட் திருகு இருந்தா சாஃப்ட்டான செட்டிங்லயே வைங்க, ரொம்ப கடினமா வச்சா அந்த இடி முழுசும் அந்த ரெண்டு போல்ட்டு ஓட்டை மேலதான் விழும்.