12 கம்பி கிதார்: எந்த ஸ்ட்ரிங் செட்டிங் எதற்கு?

12 கம்பி அக்கூஸ்டிக் கிதாருக்கு ஸ்ட்ரிங் மாற்றும்போது பலரும் கம்பியின் உலோகக் கலவை பாஸ்பர் பிரான்ஸா, 80/20 பிரான்ஸா என்றுதான் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. எவ்வளவு இறக்கி ட்யூன் செய்கிறோம், ஆறு ஜோடிக் கம்பிகளில் மூன்றாவதான ஜியில் என்ன மாட்டுகிறோம் என்ற இரண்டும்தான் கிதாரின் குரலையே மாற்றுகின்றன.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 10 முதல் 47 கேஜ் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) வரையிலான லைட் செட். ஈ, ஏ, டி, ஜி ஜோடிகளில் தடித்த கம்பியோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி ஒன்று. பி, மேல் ஈ ஜோடிகளில் ஒரே சுருதியில் இரண்டு. வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் பளபளவென்று ஒலிக்கும், கார்டு வாசிக்கக் குறையே இல்லை. ஆனால் ஆறு கம்பி கிதாரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுவையை கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் தாங்கியாக வேண்டும். பழைய கிதார்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைத்து நிற்பது இதனால்தான். 8 அல்லது 9 கேஜில் வரும் மெல்லிய ஜி, மேல் ஈயைவிட மூன்று அரைச்சுரம் உயரத்தில் நிற்கிறது. முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் அதுதான்.

அதே செட்டை இரண்டு அரைச்சுரம் இறக்கி, ஈ கம்பி டியில் ஒலிக்கும்படி வைத்தால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கம்பி தொளதொளப்பாகத் தெரிந்தால் ஒரு படி தடித்த செட் போடலாம். அமெரிக்க ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி தன் ஸ்டெல்லா கிதாரை ஈக்கு வெகு கீழே இறக்கித்தான் வாசித்தார்; கிதார் கலைஞர் லியோ காட்கேயும் அப்படித்தான். அந்த அடிக்குரலின் கனம் ஈ சுருதியில் வரவே வராது. பழைய சுருதி வேண்டுமென்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்). தடித்த கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லியது சரியாக அழுந்தாது, அதனால் மாட்டியதும் ஒருமுறை சுருதி பார்த்துவிடுங்கள். பாட்டுக்குத் துணையாக வாசிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

விரலால் மெட்டு வாசிப்பவர்களின் சிக்கல் வேறு. மூன்றாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஏ. அதன் மெல்லிய ஜோடியோ மேல் ஈயின் ஐந்தாவது ஃப்ரெட் உயரத்தில் ஒலிக்கும். அடுத்து பி கம்பியைத் திறந்து மீட்டினால், ஒரு படி ஏற வேண்டிய மெட்டு சட்டென்று கீழே விழுந்தது போலக் காதில் படும். மூன்றாவது ஜோடியில் இரண்டையுமே ஒரே சுருதியில், மேலே மெல்லிய உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பியாகப் போட்டால் மெட்டு நேராகிவிடும், கம்பி அறுகிற தொல்லையும் போகும். பளபளப்பு கொஞ்சம் குறையும், அது எனக்குச் சம்மதம்.

ரிக்கன்பேக்கர் எலக்ட்ரிக் கிதார்களில் இருப்பது போல ஜோடிக்குள் கம்பிகளை இடம் மாற்றி, கீழ்நோக்கி மீட்டும்போது தடித்தது முதலில் படும்படி வைப்பது இன்னொரு வழி. பேஸ் தெளிவாகக் கேட்கும். ஆனால் அக்கூஸ்டிக்கில் அதற்காகவே நட்டை (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட பட்டை) மாற்றும் அளவுக்கு லாபமில்லை. கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் ஈ, ஏ, டி ஜோடிகளின் மெல்லிய கம்பிகளைக் கழற்றி ஒன்பது கம்பியாக வாசித்துப் பார்க்கலாம், காசு செலவே கிடையாது.

ஒரே சுருதி ஜிக்குப் போகிறவர்கள் இருக்கிற நட்டை அராவ வேண்டாம். 9 கேஜுக்கு வெட்டிய பள்ளத்தை 23க்கு அகலப்படுத்திவிட்டால், திரும்ப மெல்லிய கம்பி போடும்போது அது பள்ளத்துக்குள் ஆடி இரையும். தனியாக ஒரு நட் செய்துகொண்டு பழையதைக் கிதார் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.