மாம்பழத்துக்கு ஜோடி பாலா, தயிரா, இல்லை வெறும் பழமே போதுமா?

மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் பழ வாசத்தோடு சேர்ந்து ஒரு பட்டியலும் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். பாலோடு மாம்பழம் விஷம், மீனோடு பால் விஷம், தயிரோடு வாழைப்பழம் விஷம் என்று போகும் அது. முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது, ஆயுர்வேதம் இதை விருத்தாகாரம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு, என்று உண்மையிலேயே பேசுகிறது. ஆனால் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 26ஆம் அத்தியாயத்தில், இந்த விருத்தம் (ஒவ்வாமை) 18 வகை. எதோடு எதைச் சேர்க்கிறோம் என்பது அதில் ஒரு வகைதான். இடம், காலம், அளவு, பசியின் பலம், பழக்கம், சமைத்த விதம் எல்லாம் தனித்தனி வகைகள். ஃபார்வர்டில் வருவது அந்த ஒன்று மட்டும்.

சரி, பாலை எடுத்துக்கொள்வோம். பாலோடு சேராத புளிப்புப் பழங்கள் என்று சரகர் சொல்லும் வரிசையில் மாம்பழமும் இருக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் பாலில் சேர்த்த மாம்பழத்தைப் பலம் தரும், உடம்பைத் தேற்றும், வாதத்தையும் பித்தத்தையும் தணிக்கும் என்று புகழ்ந்து, கனமானது, குளிர்ச்சியானது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இரண்டும் முட்டிக்கொள்வதுபோலத் தெரியும். என் கணிப்பில் வித்தியாசம் புளிப்பில்தான். நன்றாகக் கனிந்த செந்தூராவோ அல்போன்சாவோ பாலில் போட்டால் ஒரு கதை. மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு லாரி லாரியாகப் போகும் பெங்களூரா பழுத்த பிறகும் லேசாகப் புளிக்கும், அதைப் போட்டால் வேறு கதை. ஜூஸ் கடையில் எந்தப் பழத்தை அரைக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், அதன்மேல் ஐஸ், நாலு கரண்டி சர்க்கரை, கேட்டால் ஒரு கரண்டி ஐஸ்கிரீம், இதையும் பிரியாணி சாப்பிட்ட கையோடு குடித்துவிட்டு வயிறு கல்லாக இருக்கிறது என்றால் பாலும் மாம்பழமும் என்ன செய்யும்?

வயிற்றில் பால் திரிந்துவிடும், அதனால்தான் ஆகாது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது நிற்காது. வெறும் பாலைக் குடித்தாலும் இரைப்பை அமிலத்தில் திரியத்தான் செய்யும், செரிமானமே அப்படித்தான் தொடங்குகிறது.

தயிர்ச் சோறும் மாம்பழமும் நம் வீடுகளில் சகஜம். இங்கே சரகர் கவலைப்படுவது சேர்க்கையைவிட நேரத்தைப் பற்றி: இரவில் தயிர் வேண்டாம், சூடாக்கியும் வேண்டாம் என்கிறார். இன்னொரு ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் வாழைப்பழத்தைத் தயிரோடும் மோரோடும் சேர்க்காதே என்கிறது, அதைப் பின்பற்றினால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டை மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், பால் குடித்தால் வாயு கட்டுகிறவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறை ஊறும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. மதியம், புளிக்காத தயிர், இனிப்பான பழம் என்றால் மில்க் ஷேக்கைவிடத் தயிருக்குத்தான் என் ஓட்டு.

வெறும் பழம் இரண்டையும் ஜெயிக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. தண்ணீரில் ஊறப்போட்டு, காம்பருகே வடிந்த பாலை நன்றாகக் கழுவிவிட வேண்டும். வாய் எரிச்சலுக்கும் உதட்டுப் புண்ணுக்கும் பெரும்பாலும் அந்தப் பால்தான் காரணம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குத் தடை இருக்கிறது, இருந்தும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட பழத்தைத் தின்றுவிட்டுப் பாலைத் திட்டிப் பயனில்லை. அப்புறம், மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், சிலருக்கு அது தனியாகவே வயிற்றை உப்பவைக்கும். ஒரு நாள் பால் மட்டும், இன்னொரு நாள் பழம் மட்டும் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு ஆகாதது எது என்று பிடிபட்டுவிடும்.

பட்டியல்காரர்கள் கண்ணில் படாத இன்னொரு இடமும் சரகரின் அதே 26ஆம் அத்தியாயத்தில் உண்டு. நல்ல பசி உள்ளவர், இளவயதினர், உடலுழைப்பால் பலமானவர், பழகிப்போனவர், கொஞ்சமாக உண்பவர், இவர்களை விருத்தாகாரம் பெரிதாகப் பாதிக்காதாம். மாங்காய் மண்டியில் காலையிலிருந்து கூடை தூக்குகிறவருக்கும் ஓசூரில் ஏசி அறையில் நாற்காலியைவிட்டு எழாதவருக்கும் ஒரே பட்டியலை அனுப்புவது இந்தக் கணக்கில் சரியே இல்லை.

கொள்ளும் அவரையும்கூடப் பாலோடு ஆகாது என்கிறார் சரகர். தர்மபுரிக்காரர்களுக்கு இதில் பிரச்சினையே இல்லை, களிக்குக் கொள்ளுக் கடைசல் வைத்துச் சாப்பிடும்போது பாலை யார் தேடுகிறார்கள்?

மீன்தான் மிச்சம். ஒகேனக்கல்லில் வறுத்த மீனைத் தின்றுவிட்டு உடனே டீ குடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. மீன் உஷ்ண வீரியம் (சூட்டுக் குணம்), பால் சீத வீரியம் (குளிர்ச்சிக் குணம்), இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும் என்பது சரகர் கணக்கு. அதை நம்பிக் கடைப்பிடிப்பவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுக் குடிக்கட்டும், நஷ்டமில்லை. ஆனால் அதனால் வெண்புள்ளி வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உடலின் எதிர்ப்பு சக்தியே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது அது. வெண்புள்ளி உள்ள பெண்ணிடம் போய் ‘மீன் தின்னுட்டுப் பால் குடிச்சியாம்மா’ என்று விசாரிக்கிற உறவுக்காரர்களை முதலில் நிறுத்த வேண்டும், டீயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.