ரேடார் வண்டியா, தரைக் கருவியா? டொர்னேடோ ஆய்வில் எந்த அணி?

அமெரிக்கச் சமவெளியில் டொர்னேடோ என்னும் சூறாவளிச் சுழலைத் துரத்தும் ஆய்வுக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்: லாரியில் ஏற்றிய டாப்ளர் ரேடாரோடு (ரேடியோ அலையை அனுப்பிக் காற்றின் வேகத்தைத் தொலைவிலிருந்தே அளப்பது) போவதா, பாதையில் கருவியை வைத்துவிட்டு விலகும் அணியோடு போவதா?

என்ன கிடைக்கும்?

ரேடார்: புயலின் காற்றோட்டம் முழுவதும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மணிக்குச் சுமார் 480 கி.மீ. வேகத்தை அளந்தது இதுதான். ஆனால் தரையை ஒட்டிய சில மீட்டர் சரியாகப் பிடிபடாது. வீடுகள் நொறுங்குவதோ அங்கேதான்.

கருவி: அந்தச் சில மீட்டரையே தொட்டு அளக்கும். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டக்கோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னேடோ ஆய்வாளர் டிம் சமராஸ் சாலையோரம் வைத்த தட்டைக் கூம்பு வடிவக் கருவியின் மேலேயே டொர்னேடோ ஏறிப் போனது. காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததை அது பதிவு செய்தது. அபாரமான அளவீடு!

வேலை எளிதா?

ரேடார்: மரம், கட்டடம் மறைக்காத திறந்தவெளி வேண்டும்.
கருவி: பாதையைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் போச்சு.

ஆபத்து?

ரேடார்: சில கிலோமீட்டர் தள்ளி நின்றே அளக்கலாம்.
கருவி: எதிரே போய்த்தான் ஆக வேண்டும். அத்தனை அனுபவமுள்ள சமராஸே 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர்ப்பக்கம் வந்த டொர்னேடோவில் மகனோடும் சகாவோடும் உயிரிழந்தார்.

டொர்னேடோ எப்படி உருவாகிறது என்று படிக்க வேண்டுமா? ரேடார் வண்டி. கட்டடங்கள் ஏன் விழுகின்றன என்பதுதான் கேள்வியா? தரைக் கருவி. துரத்தலில் இதுதான் உங்கள் முதல் பருவம் என்றால், யோசிக்காமல் ரேடார் பக்கம் போங்கள்.