நுண்பாசி வளர்ப்புத் தொகுப்பு: வடிகட்டிக்காகவே வாங்கலாம்

சிங்கப்பூரின் சிராங்கூன் நார்த் வட்டாரத்தில் வளர்ப்புமீன் கடையொன்றில் வாங்கிய இத்தொகுப்பில் நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசி கலந்த நீர், பாசிக்கு உரமாகும் எஃப்/2 ஊட்டக் கரைசல், இரண்டு புட்டிகள், 0.2 மைக்ரான் காற்று வடிகட்டி ஆகியவை உள்ளன. காற்றுக்குழாய் வழியே நுழையும் தூசியையும் பாக்டீரியாவையும் தடுக்கும் அந்த வடிகட்டிக்காகவே இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால், பாசியைத் தின்றுதீர்க்கும் ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரினங்கள் பெரும்பாலும் பவளம் வளர்க்கும் தொட்டியில் புழங்கிய குழாய், குவளை, ஈரக் கை ஆகியவற்றின் வழியாகவே வந்துசேர்கின்றன என்பதைக் கையேடு அவசியம் சொல்லியிருக்க வேண்டும். பாசி வளர்ப்பதற்கான உப்புநீரைக் குளோரின் வெளுப்பானால் தூய்மையாக்கியபின் மிச்சக் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டும் தொகுப்பில் இல்லை. குளிரூட்டி இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பிற்பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டுவதால், இரண்டாம் புட்டியில் முதல் புட்டி கெட்டால் உதவும் மாற்றுப் பாசியைப் பவளத் தொட்டியிலிருந்து தள்ளி, வெளிச்சமுள்ள, வெப்பம் குறைந்த இடத்தில் காப்பது நல்லது.